விரலுக்கு எட்டிய நோய்

நோயாளிகளின் பக்கம் நின்று வைத்தியர்களையும் மருத்துவமனைகளையும் எதிர்த்து வழக்காடுவதையே தொழிலின் பெரும்பகுதியாக ஏற்றுக்கொண்ட ஒரு வழக்கறிஞனிடம், வயிற்றுக்குள் மறந்து வைத்துத் தைக்கப்பட்ட துணியும், இடக்காலுக்குப் பதிலாக வலக்காலில் செய்யப்பட்ட சஸ்திர சிகிச்சையுமே வந்து குவியும் என்று பொதுஜனங்கள் எண்ணுவது இயல்பு. என் அனுபவம் அவ்வாறில்லை. என் மனத்தை மிகவும் வருத்திய வழக்குகள், வைத்தியர் ஏதோ ஒன்றைச் செய்ததனால் விளைந்தவையல்ல. செய்ய வேண்டிய எளிய காரியம் ஒன்றைச் செய்யாமலே மாதங்களைக் கழியவிட்டதனால் விளைந்தவை. அவற்றுள்ளும், பெருங்குடலிலும் மலக்குடலிலும் உண்டாகும் புற்றுநோயை உரிய காலத்தில் கண்டறியாமல் விட்ட வழக்குகளைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றேன். உள்ளுறுப்புகளில் தோன்றும் புற்றுநோய்களில், இதைப்போல அவகாசம் கொடுத்து, அடையாளங்களையும் காட்டிக்கொண்டு வளர்வன அதிகமில்லை.

குடலின் உட்சுவரில் பாலிப் என்று வைத்தியர்கள் சொல்லும் சிறு சதைமொட்டாகத் தோன்றும் இது, புற்றாக மாறுவதற்குப் பெரும்பாலும் பத்தாண்டு அளவு காலம் எடுத்துக்கொள்கிறது. லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் நோயியல் அறிஞராக இருந்த கத்பர்ட் டியூக்ஸ் என்பவர், மலக்குடல் புற்றைக் குடற்சுவருக்குள் அடங்கியது, சுவரைத் தாண்டியது, நிணநீர்க் கணுக்களை எட்டியது என்று மூன்று படிகளாகப் பிரித்து 1932-ல் வெளியிட்ட முறையே, பின்னர் வந்த நுட்பமான பாகுபாடுகளுக்கெல்லாம் அடிப்படை. சட்டம் படித்த எனக்கு அந்தப் பாகுபாட்டில் புலப்பட்ட விஷயம் ஒன்று உண்டு: சுவரின் எத்தனையாவது அடுக்கில் நோய் நிற்கிறது என்று கேட்பதும், அதற்கு எவ்வளவு காலம் கொடுக்கப்பட்டது என்று கேட்பதும் ஏறக்குறைய ஒரே கேள்விதான். நோய் சுவருக்குள் அடங்கியிருக்கும்போது சிகிச்சை பெற்றவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் ஜீவித்திருக்கிறார்கள் என்றும், ஈரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிய பின் வந்தவர்களில் அவ்வாறு எஞ்சுபவர் பத்தில் ஒருவர் இருவரே என்றும், வைத்திய வசதி மிகுந்த நாடுகளின் கணக்குகள் கூறுகின்றன. இவ்விரண்டு நிலைகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் நோயாளி எங்கே இருந்தார், யாரிடம் போனார், அந்த வைத்தியர் என்ன செய்தார் என்பதை ஆராய்வதே என் தொழில்.

இந்த நோய் வேஷமிட்டு வருவது. மலத்தில் இரத்தம் கண்டால், நோயாளியும் வைத்தியரும் மருந்துக்கடைக்காரரும் ஒரே குரலில் மூலம் என்று சொல்லிவிடுகிறார்கள். நம்மூர்ப் பேருந்து நிலையச் சுவர்களிலும் மின்கம்பங்களிலும் மூலம், பவுத்திரம் ஆகியவற்றை ஆபரேஷன் இல்லாமல் குணப்படுத்துவதாக ஒட்டப்பட்டிருக்கும் சுவரொட்டிகளைக் காணாத தமிழர் இருக்க முடியாது; அவற்றை நம்பி ஓராண்டை இழந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். குடலின் வலப்புறத்தில் புற்று வந்தாலோ, இரத்தம் கண்ணுக்கே தெரியாமல் மலத்தோடு கலந்து கழிய, சோகையும் அயர்வும் மாத்திரமே வெளியில் தெரியும். அதற்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மாதவிலக்கினால் இரத்தம் இழக்கும் காரணமே இல்லாத ஓர் ஆண்மகனுக்கு இரும்புச்சத்துக் குறைந்து சோகை வருமானால், குடலில் எங்கோ கசிவு இருக்கிறதா என்று பார்த்தே தீரவேண்டும் என்பது வைத்தியக் கல்லூரியில் கற்பிக்கப்படும் பாலபாடம். மேல்நாடுகளில் இது பெரும்பாலும் ஐம்பது வயது கடந்தவர்களின் நோய். நம் நாட்டிலோ மொத்த எண்ணிக்கை குறைவானபோதிலும், வருபவர்களுள் முப்பது நாற்பது வயதினர் கணிசமாக இருக்கிறார்கள் என்பதும், பெருங்குடலைக் காட்டிலும் மலக்குடலிலேயே அது அதிகமாகக் காணப்படுகிறது என்பதும் வைத்தியர்கள் நன்கு அறிந்த விஷயங்கள். ஆகவே, சிறு வயதுதானே என்று சொல்லித் தட்டிக்கழிப்பதற்கு நம் தேசத்து வைத்தியருக்கு நியாயமில்லை.

காவிரிப் பாசனப் பகுதியில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஒருவருடைய வழக்கை மாத்திரம் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அவர் அப்போது படுக்கையில் இருந்தார். என்னைக் காண வந்தவர் அவருடைய மனைவி. ஜவுளிக்கடைப் பையொன்றிலிருந்து, ஓ.பி. சீட்டுகளையும் இரத்தப் பரிசோதனைத் தாள்களையும் தேதிவாரியாக நூலால் கட்டிய ஒரு கட்டை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, "வக்கீல் சார், எங்க வீட்டுக்காரருக்கு மூலம்னுதான் சொன்னாங்க. பத்தியம் ஒருநாள் தப்பல. காரமே சேக்கல. அப்புறமும் ரத்தம் நிக்கலேன்னு போனா, அதே மாத்திரையைத்தான் திரும்ப எழுதினாங்க" என்றார். தம்முடைய சமையலில் ஏதும் குற்றம் நேர்ந்திருக்குமோ என்னும் கவலை அந்த அம்மையாருக்கு அப்போதும் நீங்கவில்லை. "அம்மா, நீங்கள் போட்ட காரத்துக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை" என்று சொல்லி, அவர் அதை நம்பும்வரையில் வேறு பேச்சு எடுக்கவில்லை.

பிறகு அந்தச் சீட்டுகளைப் பிரித்துப் படித்தேன். ஒரு தனியார் மருத்துவமனையின் அச்சிட்ட சீட்டுகள் அவை. நாடி, இரத்த அழுத்தம், எடை, இருதயம், நுரையீரல், வயிறு என்று வரிசையாகத் தலைப்புகளும், கடைசியில் பி.ஆர். என்ற எழுத்துகளும் இருந்தன. மலக்குடலை விரலால் பரிசோதித்ததன் முடிவை எழுதுவதற்கான இடம் அது. ஒவ்வொரு சீட்டிலும் நாடி இருந்தது, அழுத்தம் இருந்தது, எடையும் தவறாமல் இருந்தது. முதற் சீட்டில் 68 கிலோ என்றிருந்த எடை, அடுத்தடுத்த சீட்டுகளில் 66, 63 என்று இறங்கி, கடைசிச் சீட்டில் 59 ஆகியிருந்தது. கூடவே வைத்திருந்த இரத்தப் பரிசோதனைத் தாள்களில் ஹீமோகுளோபின் 11.4-லிருந்து 9.6-க்கும், பின்பு 7.8-க்கும் வீழ்ந்திருந்தது, கடைசித் தாளில் பரிசோதனைக்கூடத்து ஊழியர் எவரோ அந்த எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். சிகிச்சைப் பகுதியில் இசப்கோல் உமி, தடவும் களிம்பு, வெந்நீரில் உட்காருதல், இரும்புச்சத்து மாத்திரை. பி.ஆர். என்ற இடம் மாத்திரம் முதற் சீட்டில் ஒரு கோடாகவும், மற்றவற்றில் வெறுமையாகவும் இருந்தது.

முடிவில், தஞ்சாவூரில் வேறொரு வைத்தியர் அவரை இடப்பக்கமாகப் படுக்கவைத்து, கையுறையணிந்த விரலால் பரிசோதித்து, கல்போல் இறுகி நடுவில் புண்பட்ட கட்டியொன்றைத் தொட்டறிந்து, அன்றைய தினமே திசுத் துணுக்கு எடுக்க அனுப்பினார். ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது நோய் ஈரலுக்குப் பரவியிருந்தது. ஒரு நிமிஷம்கூடப் பிடிக்காத பரிசோதனை அது. கையுறையும் சிறிது வழுக்குப் பசையும் தவிர வேறு உபகரணம் வேண்டாதது. மலக்குடலில் உண்டாகும் புற்றுகளில் கணிசமான பகுதி விரலுக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது என்று வைத்திய நூல்கள் கூறுகின்றன.

நுகர்வோர் மன்றங்களில் சாட்சியம் பெரும்பாலும் பிரமாணப் பத்திரமாகவே தாக்கலாகிறது. குறுக்கு விசாரணைக்குப் பதிலாக எழுத்து மூலமான வினாக்களைக் கொடுத்து விடை பெறுவதும் உண்டு. அவ்வாறு நான் கொடுத்த வினாக்களில் பிரதானமானது, மலக்குடலை விரலால் பரிசோதித்தீர்களா என்பது. பரிசோதித்ததாகவும், அப்போது உள்மூலம் விரலுக்குத் தென்பட்டதாகவும், கூட்டம் அதிகமாக இருந்தபடியால் சீட்டில் எழுத அவகாசமில்லை என்றும் பிரதிவாதி வைத்தியர் விடையளித்தார். அந்த விடையை எங்கள் பக்கத்து நிபுணரிடம் காட்டினேன். அரசினர் மருத்துவக் கல்லூரியில் சஸ்திர சிகிச்சைப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் அவர். ஒருமுறை படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்து, "இதை இவர் எழுதியிருக்க வேண்டாம்" என்றார். உள்மூலம் என்பது இரத்தம் நிறைந்த மெல்லிய மெத்தைபோன்றதாகையால், உறைந்து கெட்டிப்பட்டாலன்றி விரல் பட்டதும் அமுங்கிவிடும், விரலுக்குத் தெரியாது, அதைக் காண்பதற்குப் புராக்டாஸ்கோப் என்னும் குழாய்க்கருவியை வைத்துப் பார்க்க வேண்டும் என்பதை அவர் எனக்கு விளக்கினார். விரலுக்குத் தெரியாத மூலம் விரலில் தென்பட்டதாகவும், விரலுக்குத் தெரிந்தே தீரவேண்டிய புற்று தென்படவில்லை என்றும் ஒருவர் சொல்வாரானால், பரிசோதனையே நிகழவில்லை என்பதைத் தவிர வேறு அனுமானத்துக்கு இடமில்லை. மாவட்ட மன்றம் அந்த அனுமானத்தையே ஏற்றுக்கொண்டது. மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. கணக்கர் அதற்குள் காலமாகிவிட்டமையால், வாரிசு என்ற முறையில் வழக்கைத் தொடர்ந்து நடத்திய மனைவியிடமே நஷ்டஈட்டுத் தொகை போய்ச் சேர்ந்தது.

வைத்தியர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துக் கோபங்கொள்ளக் கூடும். அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது, நோயைத் தவறாக ஊகித்தது அலட்சியம் ஆகாது என்பதில் எனக்கு அவர்களோடு பரிபூர்ண சம்மதம் என்பதே. 1957-ல் இங்கிலாந்தில் போலம் என்பவர் தொடுத்த வழக்கில், அத்துறையில் தேர்ந்த பொறுப்புள்ள வைத்தியர் குழாம் சரியென்று ஏற்கும் முறைப்படி நடந்துகொண்டவர் அலட்சியம் செய்தவராகார் என்று நீதிபதி ஜூரிகளுக்கு எடுத்துரைத்தார். நம் உச்ச நீதிமன்றமும் 2005-ல் ஜேக்கப் மாத்யூ வழக்கில் அதையே ஏற்றுக்கொண்டு, வைத்தியர்மீது குற்றவியல் நடவடிக்கை எடுப்பதானால் அலட்சியம் மிகக் கடுமையானதாக இருக்கவேண்டும் என்றும் வரையறுத்தது. அது நல்ல தீர்ப்பு. ஒவ்வொரு மரணத்துக்கும் போலீசார் வந்து கதவைத் தட்டுவாராயின், கஷ்டமான நோயாளியைத் தொடுவதற்கு எந்த வைத்தியரும் துணியமாட்டார். ஆனால் ஊகம் என்பது பரிசோதித்த பின்னர் செய்யப்படுவது. பரிசோதிக்காமலே சொன்ன வார்த்தைக்கு அந்தப் பாதுகாப்பு எவ்வாறு பொருந்தும்?

இன்று இவ்வழக்குகளை நுகர்வோர் மன்றத்தில் தொடுக்க முடிவதே ஒரு போராட்டத்தின் பயன் என்பதை இளைய தலைமுறை வழக்கறிஞர்கள் அறியார்கள். 1986-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வைத்தியருக்குப் பொருந்தாது என்று 1994-ல் நம் சென்னை உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்திருந்தது. மறு ஆண்டு நவம்பரில், இந்திய மருத்துவச் சங்கத்துக்கும் வி.பி. சாந்தா என்பவருக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, கட்டணம் பெற்றுச் செய்யும் வைத்தியம் அச்சட்டத்துக்கு உட்பட்டதே என்று நிலைநாட்டியது. எவரிடமும் கட்டணம் வாங்காத அரசினர் மருத்துவமனை அந்தத் தீர்ப்பின்படி வெளியே நின்றுவிட்டது. காசு கொடுக்க இயலாமல் அங்கே போகிறவன் சிவில் நீதிமன்றத்தின் நீண்ட படிகளிலேயே ஏறவேண்டியிருக்கிறது என்பது, இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் எனக்கு ஜீரணமாகாத விஷயம்.

நோயைக் கண்டபின்னும் தாமதம் நேர்வது உண்டு. அது இன்னும் கொடியது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்குக் குடலுக்குள் கருவி செலுத்திப் பார்த்து, சந்தேகப்பட்ட இடத்தில் திசுத் துணுக்கும் எடுத்து, "ரிப்போர்ட் வந்ததும் கூப்பிடுகிறோம்" என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். கூப்பிடவில்லை. கூப்பிடாவிட்டால் கெடுதல் ஒன்றுமில்லை என்று அந்த அம்மையார் எடுத்துக்கொண்டார். வேறு எவ்வாறு எடுத்துக்கொள்வார்? மாதங்கள் சென்று, குடல் முற்றிலும் அடைபட்டு வாந்தியோடு அதே மருத்துவமனைக்குத் தூக்கி வரப்பட்டபோது, அவசர சிகிச்சை செய்து வயிற்றில் துளையிட்டு மலப்பை வைத்தார்கள். நோயாளி கேட்டால் மருத்துவக் குறிப்புகளை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்ற 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதியைச் சுட்டி நான் கடிதம் எழுத, வந்த நகல்களுக்கு நடுவே புற்று என்று தெளிவாகக் கூறும் அந்த அறிக்கையும் இருந்தது. முதல் பரிசோதனை நடந்து ஒரு வாரத்துக்குள் வந்து சேர்ந்ததற்கான முத்திரையும் அதன்மேல் இருந்தது. இத்தகைய பிழைக்குத் தனி வைத்தியர் ஒருவரைக் குற்றஞ்சாட்டுவது நியாயமாகாது. வருகிற அறிக்கையை யார் வாங்குவது, யார் படிப்பது, யார் நோயாளியை அழைப்பது என்று பெயர் குறித்து ஏற்பாடு செய்யாத நிர்வாகத்தின் பிழை அது. விசாரணைக்கு வருமுன்னரே அவர்கள் சமாதானத்துக்கு வந்தார்கள்.

வயிற்றின் வலப்புற அடிப்பகுதியில் கட்டி கண்டால் குடல் காசநோய் என்று கருதி மருந்து தொடங்குவது நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல். காசநோய் மிகுந்த தேசத்தில் அவ்வாறு கருதுவதைப் பிழையென்று நான் வாதிட்டதில்லை. இரண்டு மாதம் மருந்துண்டும் எடை கூடவில்லை, கட்டி கரையவில்லை என்று கண்டபின்னும், திசுவை எடுத்துப் பார்க்காமல் அதே மருந்தைத் தொடர்ந்ததையே பிழையென்று வாதிட்டிருக்கிறேன்.

வந்த வழக்குகளையெல்லாம் நான் எடுத்துக்கொண்டவனுமல்லேன். தந்தையை இழந்த இளைஞர் ஒருவர் மிகுந்த ஆத்திரத்தோடு வந்தார். அவர் கொணர்ந்த சீட்டைப் படித்தபோது, குடலை உள்நோக்கிப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தியதும், நோயாளி மறுத்ததும், காரணம் விளக்கப்பட்டதும், மூன்று வாரத்தில் திரும்ப வரச்சொன்னதும் தெளிவான கையெழுத்தில் இருந்தன. கீழே தந்தையாரின் கையொப்பமும் இருந்தது. "தம்பி, இந்த டாக்டர் தம் கடமையைச் செய்திருக்கிறார்; இவர்மேல் வழக்குப் போடுவது அதர்மம்" என்று சொல்லி அனுப்பினேன். அந்தரங்க உறுப்பைக் காட்டுவதில் நம்மவர்க்குள்ள சங்கோசம் எத்தனை உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது என்பதை அறிந்தவன் ஆகையால், நோயாளியின் தாமதத்தை வைத்தியர் தலையில் கட்டுவதற்கு நான் ஒருபோதும் உடன்பட்டதில்லை.

இத்தகைய வழக்குகளில் அலட்சியத்தை நிரூபிப்பதைவிடக் கடினமானது, அதனால் என்ன நஷ்டம் என்பதை நிரூபிப்பது. எதிர்த் தரப்பார் இறுதியில் எடுக்கும் ஆயுதம், முன்னமே கண்டுபிடித்திருந்தாலும் இவர் இறந்துதான் போயிருப்பார் என்பது. அதற்கு அவர்கள் மேற்கோளாகக் காட்டுவது, 2005-ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்த கிரெக் எதிர் ஸ்காட் வழக்கு. கையின்கீழ் இருந்த கட்டியைத் தீங்கற்றது என்று ஒரு வைத்தியர் சொல்லிவிட்டமையால், ஒன்பது மாதம் தாமதமாகக் கண்டறியப்பட்ட நிணநீர்ப் புற்று அது. குணமடையும் வாய்ப்பு நூற்றுக்கு 42-ஆக இருந்தது 25-ஆகக் குறைந்தது என்பது நீதிமன்றம் கண்ட உண்மை. ஆயினும், ஆரம்பத்திலேயே வாய்ப்பு பாதிக்கும் கீழாக இருந்தபடியால், தாமதமே குணத்தைப் பறித்தது என்று கூறமுடியாதென ஐவரில் மூவர் தீர்ப்புரைக்க, வழக்குத் தோற்றது. நிக்கல்ஸ் பிரபுவும் ஹோப் பிரபுவும் மாறுபட்டார்கள். நான் அந்த இருவர் பக்கமே. நூற்றுக்கு 51 வாய்ப்பிருந்தவனுக்கு முழு நஷ்டஈடு, 42 இருந்தவனுக்கு ஒன்றுமில்லை என்னும் ஏற்பாட்டில் நியாயத்தைக் காண என்னால் இயலவில்லை. மேலும், முன்கூட்டிக் கண்டிருந்தால் நோயாளி பிழைத்திருப்பாரா என்பது மாத்திரமா கேள்வி? மலப்பை இல்லாமல் இருந்திருப்பாரா, அடிவயிற்று வலியில்லாமல் சில ஆண்டுகள் உழைத்திருப்பாரா, தம் மகளின் விவாகத்தை நின்று நடத்தியிருப்பாரா என்பவையும் கேள்விகளே. அரிசி ஆலைக் கணக்கர் வழக்கில் நான் நஷ்டஈடு கேட்டது இந்தக் காலத்துக்காகவே. அந்த வாதத்தை மன்றம் முழுவதும் ஏற்கவில்லையெனினும், துன்பத்துக்கென்று தனியாக ஒரு தொகையைச் சேர்த்தே தீர்ப்பளித்தது.

இனி, படிப்பவர்களுக்கு உபயோகமான சில விஷயங்களைச் சொல்லவேண்டும். நான் குறிப்பிட்ட 2002-ம் ஆண்டு விதி, மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களின் குறிப்புகளையே மூன்றாண்டு வைத்திருக்கச் சொல்கிறது; புறநோயாளியாக வந்து போனவருக்கோ, அவர் கையிலுள்ள சீட்டுத்தான் பெரும்பாலும் ஒரே ஆதாரம். அதை எறிந்துவிடாதீர்கள், இரத்தப் பரிசோதனைத் தாளையும் எறிந்துவிடாதீர்கள். நுகர்வோர் மன்றத்தில் வழக்குத் தொடுப்பதற்குச் சட்டம் அளிக்கும் காலம் இரண்டாண்டு; வெளியில் தெரியாத கெடுதலானால் அது தெரியவந்த நாளிலிருந்து அந்தக் காலத்தைக் கணக்கிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் கூறியிருக்கிறது. துக்கம் ஆறட்டும் என்று காத்திருந்து அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டவர்கள், தாமதத்தை மன்னிக்கும்படி தனியே ஒரு மனுப் போட்டு அலைய நேர்கிறது. திசுப் பரிசோதனைக்குக் கொடுத்தவர்கள் அழைப்புக்காகக் காத்திராமல், பத்து நாளைக்குள் தாமே போய் அறிக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

வழக்கெல்லாம் நோய் முற்றிய பின் வருகிற பேச்சு. அதற்கு முன்னால் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மலத்தில் இரத்தம் கண்டாலோ, மலங்கழிக்கும் வழக்கம் வாரக்கணக்கில் மாறியிருந்தாலோ, காரணமின்றி உடல் மெலிந்து சோகை கண்டாலோ, உங்கள் வயது முப்பதானாலும் அறுபதானாலும், மூலம் என்ற சொல்லை வைத்தியர் சொல்லும்போது, "ஐயா, விரலால் பரிசோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், பார்த்ததைச் சீட்டிலும் எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள், உங்கள் வீட்டுப் பெண்கள் கேட்க வெட்கப்பட்டால், கூடப்போய் நீங்கள் கேளுங்கள்.